சுவரில் ஊரும் பூசணி விதை

கேள்வி: எங்கள் குளியலறைச் சுவரில் பூசணி விதை மாதிரி ஒன்று ஊர்கிறது. சுண்ணாம்பைத் தின்கிற பூச்சி என்கிறார் மாமியார். எங்கிருந்து வந்தது இது? – வாசகி, மன்னார்குடி

பதில்: மாமியாரோடு எனக்கு வம்பு வேண்டாம். ஆனால் அது சுண்ணாம்பைத் தின்பதில்லை, உதிர்ந்த துகளை வீடு கட்ட எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பது ஒரு குட்டி அந்துப்பூச்சியின் புழு. தான் நூற்ற பட்டில் மணலையும் தூசியையும் ஒட்டிச் செய்த கூடு, 8 முதல் 14 மில்லிமீட்டர் நீளம். இரண்டு முனையிலும் வாசல். ஒரு வாசலைத் தொட்டால் உள்ளுக்குள்ளேயே திரும்பி மறுவாசலில் தலையை நீட்டும். சாப்பாடு பழைய சிலந்தி வலை, உதிர்ந்த முடி, கம்பளி. போகிக்கு மட்டும் ஒட்டடைக்குச்சியைத் தொடும் வீடுகளில் வருஷம் முழுக்க விருந்து.

பேரினத்தின் பெயர் ஃபெரியோகா. அதில் யூட்டெரெல்லா என்ற இனத்துக்கு 1897-ல் பெயர் வைத்தவர் இங்கிலாந்தின் வால்சிங்கம் பிரபு. இவர்தான் 1888 ஆகஸ்ட் 30 அன்று, யார்க்‌ஷயரில், ஒரே நாளில் 1,070 கிரவுஸ் பறவைகளைச் சுட்டு வீழ்த்திய மகானுபாவர். அதே கைதான் விரல் நகத்தளவு பூச்சிகளைக் கசங்காமல் குண்டூசியில் குத்தி வைத்தது! அவருடைய 2,60,000-க்கும் மேற்பட்ட பூச்சிகள் லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின. பறவைகள் எங்கே போயின என்று கேட்காதீர்கள், குழம்புக்குத்தான்.

கேள்வி: இந்த அந்துப்பூச்சியின் போட்டோ அனுப்பினால் இனத்தைச் சொல்வீர்களா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: மாட்டேன். சொல்கிறவரையும் நம்பாதீர்கள். சாம்பல் இறக்கையும் நாலு புள்ளியும் இதன் சொந்தக்காரர்கள் பலருக்கும் உண்டு. வயிற்றுப் பகுதியைப் பிரித்தெடுத்துக் காஸ்டிக் பொட்டாஷில் ஊறவைத்து, சதை கரைந்தபின் மிஞ்சும் பிறப்புறுப்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். உதாரணத்துக்கு, கம்பளி அரிக்கும் டீனியா பெல்லியோனெல்லாவுக்கு லின்னேயஸ் 1758-ல் பெயர் வைத்துவிட்டார். அதைப் போலவே இருக்கும் பங்காளிகளை உலகம் முழுவதற்குமாக வரிசைப்படுத்திப் பிரித்துக் காட்டியவர் கேடன் ராபின்சன், அதுவும் 1979-ல். இடைப்பட்ட காலத்தில் கோட்டு ஓட்டையான துரைமார்களில் எத்தனை பேர் தப்பான பூச்சியைத் திட்டினார்களோ!

கேள்வி: போன இதழில் உங்கள் பதிலைப் படிக்கும்போது என் தோளில் பல்லி விழுந்தது. பலன் என்ன? – வாசகர், அறந்தாங்கி

பதில்: அடுத்த பக்கத்தில் ஜோதிடர் இருக்கிறார். அவருக்கும் சம்பளம் கொடுக்கிறார்கள்.