ஏலத்தில் போகும் லெப்டொப்: மலையகத்திலிருந்து ஏமாறாமல் விற்பது எப்படி?

கொழும்புத் தேயிலை ஏலம் 1883-இல் தொடங்கியது. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு நாட்களில், அது இணையத்துக்கு மாறியது. அந்த ஏலத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சரக்கின் விவரம் முன்கூட்டியே பட்டியலில் வரும். வாங்குபவர் மாதிரியைச் சுவைத்துப் பார்ப்பார். விலை படிந்தாலும், பணம் கட்டினால்தான் தேயிலை களஞ்சியத்தை விட்டு வெளியேறும். இவை ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்க இடையில் புரோக்கர் இருப்பார்.

பேஸ்புக் குழுவில் "கூடின விலை சொல்றவங்களுக்குத் தருவேன்" என்று பழைய லெப்டொப்பைப் போடும் நம் பிள்ளைக்கு அந்தப் புரோக்கர் இல்லை. அவருடைய வேலையையும் விற்பவரே செய்ய வேண்டும். பொருளை உள்ளபடி சொல்வதும், பார்த்துச் சோதிக்க விடுவதும், பணம் கைக்கு வரும்வரை பொருளை விடாமல் இருப்பதும் அவர் பொறுப்பு. இந்தக் கட்டுரை அதற்காகத்தான். 60,000 ரூபாவுக்கு விற்க நினைத்த லெப்டொப் ஏமாற்றுக்காரனிடம் போனால், 2024-இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தாலும், 44 நாள் சம்பளத்துக்கு மேல் வீணாகிறது. மலையில் ஒரு வீட்டுக்கு அது சிறிய தொகையல்ல.

முதலில் ஒரு கேள்வி: அது உங்களுடையதுதானா? வேலை செய்த கம்பனியோ, பயிற்சி நடத்திய தொண்டு நிறுவனமோ கொடுத்த லெப்டொப்பின் அடியில் இலக்கமிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை உரித்துவிட்டு விற்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சொந்தமாக வாங்கியது என்றால் கடை பில்லையும் பெட்டியையும் தேடி எடுங்கள். பில் தொலைந்திருந்தால், லெப்டொப்பின் அடியிலுள்ள தொடரிலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். பின்னால் எந்தச் சிக்கல் வந்தாலும் அந்த இலக்கம்தான் உங்களுக்குச் சாட்சி.

உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள்

விலையைப் பற்றித்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். என் பார்வையில் விலையைவிடப் பெரிய விஷயம், லெப்டொப்புக்குள் இருப்பது. அம்மாவின் அடையாள அட்டைப் பிரதி, அப்பாவின் ஈபிஎஃப் பத்திரம், தங்கையின் பரீட்சைப் பெறுபேறு, கலியாண வீட்டுப் படங்கள், வங்கிக் கணக்கின் கடவுச்சொல் என்று ஒரு குடும்பமே அதற்குள் இருக்கிறது. கோப்பைக் குப்பைக்கூடைக்கு அனுப்பி, அந்தக் கூடையையும் காலி செய்தால் போய்விட்டது என்று நினைக்கிறோம். அழிந்த கோப்புகளை மீட்டெடுக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு பெண்பிள்ளையின் படங்கள் தெரியாத ஒருவன் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அதனால் இந்த வேலையை அவசரமில்லாமல் செய்யுங்கள்.

வேண்டியதையெல்லாம் ஒரு பென் டிரைவிலோ வெளிவட்டிலோ பிரதி எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்கிறது என்று உறுதியான பிறகே அடுத்த வேலை. பின்னர் கூகுள், பேஸ்புக், வட்ஸ்அப் வெப், வங்கித் தளம் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறுங்கள். குரோமில் சேமித்த கடவுச்சொற்களையும் நீக்குங்கள்.

விண்டோஸ் 11 என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ரிகவரி, அங்கே ரீசெட் என்று போனால் இரண்டு வழி காட்டும். கோப்புகளை வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதை அழுத்துங்கள். அடுத்து வரும் திரையில் அமைப்புகளை மாற்றும் தெரிவு இருக்கும். அதற்குள் 'க்ளீன் டேட்டா' என்பதை இயக்குங்கள். பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். அது வெறுமனே அழிப்பதோடு நிற்காமல், வட்டின் மேல் திரும்ப எழுதியும் விடுகிறது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் பல மணி நேரம் எடுக்கும். சார்ஜரைச் செருகியே வையுங்கள். காற்று மழை நாளில், மின்சாரம் வந்து வந்து போகும்போது இதைத் தொடங்க வேண்டாம்.

லெப்டொப் மிகப் பழையது என்றால் வேறொரு வழியையும் சொல்வேன். ஹார்ட் டிஸ்க்கையே கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு, 'டிஸ்க் இல்லை' என்று விளம்பரத்தில் எழுதி விற்றுவிடுங்கள். விலை கொஞ்சம் குறையும், ஆனால் பயமில்லாமல் தூங்கலாம். திறக்கவே முடியாமல் பழுதான லெப்டொப்புக்கும் இதுதான் சரியான வழி.

மெக்புக் வைத்திருப்பவர்கள் 'ஃபைண்ட் மை' வசதியை நிறுத்தி, ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகே அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டு விழுந்து, வாங்கியவருக்கு அது பயன்படாது. விண்டோஸ்காரர்களும் தங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்குக்குப் போய் இந்தச் சாதனத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

விலையும் விவரமும்

2022 மார்ச்சில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், இரண்டு மாதங்களுக்குள் 350-ஐத் தாண்டியது. அந்த ஆண்டு பழைய லெப்டொப்பும் தங்கம் மாதிரி விற்றது. அப்போது கொடுத்த விலை இப்போது திரும்பி வராது. அதே மொடல் இன்று என்ன விலைக்குப் போடப்பட்டிருக்கிறது என்று இக்மன் தளத்திலும் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் தேடிப் பாருங்கள். அங்கே இருப்பது கேட்கும் விலை. கைக்கு வருவது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் விலையைத் தீர்மானிக்கிறது. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசொஃப்டின் ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்கும் இன்டெல் ப்ரொசெசர்கள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான். அதனால் வாங்க வருபவர் முதலில் கேட்பது "எத்தனையாவது ஜெனரேஷன்?" என்பதாகவே இருக்கும். அதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். ரேம் எவ்வளவு, வட்டு எஸ்எஸ்டியா, பேட்டரி சார்ஜர் இல்லாமல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் எழுதுங்கள்.

குறையை மறைக்காதீர்கள். நம் பக்கத்துப் பனியும் ஈரமும் இயந்திரத்துக்கு நல்லதல்ல. விறகு அடுப்புப் புகை படிந்த மின்விசிறி இரைச்சல் போடும். தூசியைத் துடைத்து, கீலில் வெடிப்பு இருந்தால் அதைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள். உள்ளதைச் சொல்லி விற்றால், நேரில் வந்து "இது சொல்லலியே அண்ணே" என்று விலையைப் பாதியாக்கும் பேச்சுக்கு இடமிருக்காது. படத்தில் லயத்து வாசலோ, பிள்ளைகளோ, வீட்டு இலக்கமோ தெரிய வேண்டாம். தொடரிலக்கத்தின் கடைசி எழுத்துகளை மறைத்துவிடுங்கள். தமிழோடு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி சேர்த்தால், கினிகத்தனையிலிருந்தும் நாவலப்பிட்டியிலிருந்தும்கூட ஆட்கள் கேட்பார்கள்.

ஏலம் விடும்போது

கருத்துப் பகுதியில் விலை ஏற்றும் ஏலம் யாரையும் கட்டுப்படுத்தாது. 75,000 என்று எழுதியவர் மறுநாள் காணாமல் போகலாம். ஆரம்ப விலை, அதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்கிற விலை, முடியும் நாளும் நேரமும் ஆகிய மூன்றையும் நீங்கள் முன்பே தீர்மானியுங்கள். இரண்டாவதாக நின்றவரின் பெயரையும் குறித்து வையுங்கள். பல நேரம் உண்மையில் வாங்குபவர் அவர்தான். சந்தை விலையைவிடத் தாராளமாகக் கேட்பவரின் கணக்கைத் திறந்து பாருங்கள். போன வாரம் தொடங்கிய கணக்கு, நண்பர்கள் இல்லை, படம் ஒன்றுதான் என்றால் விட்டுவிடுங்கள்.

என் யோசனை வெளிப்படையானது. கொழும்பிலிருந்து 70,000 சொல்லி 'அனுப்பிவிடுங்கள்' என்பவரைவிட, ஹட்டனுக்கு வந்து பார்த்து 65,000 கொடுப்பவர் நல்லவர். பத்தனை ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரியில் படிக்கிற பிள்ளை, டவுனில் டியூஷன் நடத்தும் ஆசிரியர், நுவரெலியாவில் கடை வைத்திருப்பவர் என்று, பக்கத்திலேயே தேவையுள்ளவர்கள் இருக்கிறார்கள்.

காசு போட்டுட்டேன், பாருங்க

ஏமாற்று பெரும்பாலும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. வட்ஸ்அப்பில் வங்கிச் சிட்டையின் படம் வரும். சில நேரம் வங்கி அனுப்பியது போல எஸ்எம்எஸ்கூட வரும். படத்தை யாரும் திருத்தலாம். எஸ்எம்எஸ்ஸையும் யாரும் எழுதலாம். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, அல்லது ஏடிஎம்மில் மீதியைப் பார்த்து, பணம் வந்திருக்கிறதா என்று நீங்களே உறுதிசெய்யுங்கள். செஃப்ட்ஸ் முறையில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் உடனுக்குடன் வந்து சேரும். "நாளைக்கு வரும், பஸ் போகப்போகுது, இப்ப குடுங்க" என்பவரிடம் நாளைக்கே வரச் சொல்லுங்கள். காசோலை வேண்டவே வேண்டாம். வைப்பிலிட்டதும் கணக்கில் தெரிந்தாலும், அது மாறாமல் திரும்பி வரலாம்.

பணம் வாங்குவதற்குக் கணக்கு இலக்கம், பெயர், வங்கி, கிளை போதும். ஓடிபி, கார்ட் இலக்கம், கார்டின் பின்னாலுள்ள மூன்று இலக்கங்கள், இவற்றில் எதைக் கேட்டாலும் அவர் பணம் போட வரவில்லை, எடுக்க வந்திருக்கிறார். 'இந்த லிங்கை அழுத்தினால் பணம் வரும்' என்று கூரியர் நிறுவனத்தின் பெயரில் வரும் பக்கங்களும் இந்த வகைதான். கூடுதலாகப் பணம் போட்டுவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்பதும் பழைய தந்திரம். வெளிநாட்டில் இருக்கிறேன், தம்பிக்குப் பரிசாக அனுப்ப வேண்டும் என்பவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

கைமாற்றும் நாள்

வங்கிக்குள்ளேயே சந்தியுங்கள். ஹட்டன் பிரதான வீதியில் வங்கிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. இன்று நாடெங்கும் கிளை பரப்பியிருக்கும் ஹட்டன் நஷனல் வங்கியின் வேரே 1888-இல் இந்த ஊரில் தொடங்கிய சிறிய வங்கிதான். வார நாளில் காலையில் போனால், கையில் வாங்கிய காசை அங்கேயே கணக்கில் போடலாம். காசாளர் எண்ணிப் பார்ப்பார், கள்ள நோட்டு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். சிவனொளிபாத மலைப் பருவத்தில், டிசம்பர் முதல் மே வரை, வார இறுதியில் டவுன் நிரம்பி வழியும். அந்த நெரிசலில் பஸ் நிலையத்தில் நின்று லெப்டொப்பைத் திறக்காதீர்கள். தனியாகப் போக வேண்டாம். பெண்பிள்ளைகள் விற்பதென்றால் வீட்டுப் பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்கட்டும். லயத்துக்கே வருகிறேன் என்பவரை டவுனுக்கு வரச் சொல்லுங்கள்.

முழுக்கச் சார்ஜ் செய்து கொண்டுபோங்கள். விசைப்பலகை, கேமரா, வைஃபை, ஒலி எல்லாவற்றையும் அவர் ஆற அமரச் சோதிக்கட்டும். சோதிக்கும்போது இயந்திரம் உங்கள் பார்வையில் இருக்கட்டும். "கார்ல இருக்கிற தம்பிகிட்ட காட்டிட்டு வாறேன்" என்றால் தம்பியை உள்ளே வரச் சொல்லுங்கள்.

பணம் உறுதியானதும் ஒரு தாளில் திகதி, மொடல், தொடரிலக்கம், விலை, இருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம் எழுதி, 'சோதித்துப் பார்த்து வாங்கினேன்' என்ற வரியோடு இருவரும் கையெழுத்திடுங்கள். ஆளுக்கொரு பிரதி. நாளை அந்த லெப்டொப்பை வைத்து யாராவது குற்றம் செய்தால், அது எந்தத் திகதியில் உங்கள் கையை விட்டுப் போனது என்பதைக் காட்ட இந்தத் தாள் வேண்டும்.

கூரியரில்தான் அனுப்ப வேண்டும் என்றால், முழுப் பணமும் கணக்கில் சேர்ந்த பிறகு அனுப்புங்கள். தொடரிலக்கம் தெரியும்படி, பொதி கட்டுவதை ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். பொருள் சேர்ந்ததும் காசு வாங்கும் முறையில், பெட்டி திரும்பி வரும்போது உள்ளே வேறு பொருள் இருக்கும் அபாயம் உண்டு. லயன் வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாமல் தோட்ட ஆபீஸ் வழியாகக் கடிதம் வாங்கும் நிலை பல இடங்களில் இன்னும் இருக்கிறது. ஆகவே அனுப்புநர் முகவரியில் நம்பிக்கையான டவுன் கடை ஒன்றின் முகவரியை, கடைக்காரரைக் கேட்டு, எழுதுங்கள்.

ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கார்ட் விவரமோ ஓடிபியோ கொடுத்திருந்தால் அந்த நிமிடமே வங்கிக்கு அழைத்து கார்டையும் கணக்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். உரையாடல், சிட்டைப் படம், தொலைபேசி இலக்கம், கணக்கின் முகவரி எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள். ஏமாற்றியவர் உங்களை பிளொக் செய்தால் சில அழிந்துவிடும். பிறகு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். தமிழில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை, சிங்களத்தில் எழுதியதைப் புரியாமல் கையெழுத்திட வேண்டியதில்லை. 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இலங்கை சேர்ட் அமைப்பை 101 என்ற இலக்கத்தில் அழைத்து ஆலோசனை கேட்கலாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, தொடரிலக்கப் படத்தோடு சேர்த்து வையுங்கள். களவாகப் போன லெப்டொப் வேறொரு விளம்பரத்தில் தலைகாட்டினால், பொலிஸாரிடம் காட்ட அவை இரண்டும் வேண்டும்.