ரைசோபியம் விதையுடன் ரசாயன உரத்தைக் கலக்கலாமா?

நிலக்கடலை, உளுந்து விதைகளுக்கு ரைசோபியம் நேர்த்தி செய்யும் விவசாயிகளில் சிலர், வேலை மிச்சம் என்று கருதி, நேர்த்தி செய்த விதையையும் சூப்பர் பாஸ்பேட்டையும் ஒரே கூடையில் கலந்து விதைக்கின்றனர். பின்னர் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சுகள் குறைவாக உள்ளன. பழி பொட்டலத்தின் மேல் விழுகிறது. இந்தப் பாக்டீரியா ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் முறையை அறிந்தால் தவறு எங்கே என்பது விளங்கும்.

ரைசோபியத்தை வளர்க்கும் ஊடகத்தில், ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீருக்கு மானிட்டால் என்னும் சர்க்கரை வகைப் பொருள் 10 கிராமும், சிறிது ஈஸ்ட் சாறும் சேர்க்கப்படுகின்றன. தாது உப்புகளோ மிகச் சொற்பம். டைபொட்டாசியம் பாஸ்பேட் 0.5 கிராம், மக்னீசியம் சல்பேட் 0.2 கிராம், சமையல் உப்பு 0.1 கிராம், அவ்வளவே. மூன்றும் சேர்ந்து ஒரு கிராம்கூட இல்லை! ஆயினும் பாஸ்பேட்டோ மக்னீசியமோ அறவே இல்லாவிடில் வளர்ச்சி நின்றுவிடும். பாக்டீரியாவின் மரபுப் பொருள் உருவாகப் பாஸ்பேட் தேவை. ஊடகத்தின் கார அமில நிலை வெகுவாக ஏறி இறங்காமல் காப்பதும் அதுவே. மக்னீசியம் இன்றிப் பல நொதிகள் இயங்கா. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் நொதிக்கு இரும்பும் மாலிப்டினமும் துளியளவு வேண்டும்.

அளவு மீறினால் கதை வேறு. அதே ஊடகத்தில் சமையல் உப்பை 10 கிராமாக உயர்த்தினால், நிலக்கடலை வேர்முடிச்சிலிருந்து பிரித்தெடுத்த வகைகளில் பல தலையெடுப்பதில்லை. வெளியே உப்பு மிகுந்தால் பாக்டீரியாவின் உள்ளே உள்ள நீர் வெளியேறிவிடுகிறது. ஊறுகாய் கெடாமல் இருப்பதற்கும் இது ஒரு காரணம். சூப்பர் பாஸ்பேட்டில் அமிலமும் உண்டு. ரைசோபியம் விரும்புவதோ 7-ஐ ஒட்டிய கார அமில நிலை. ஈர விதையில் உரத்தூள் ஒட்டும் இடத்தில் உப்பும் அமிலமும் சேர்ந்து தாக்குகின்றன. யூரியா, பொட்டாஷ் உரங்களையும் விதையோடு கலக்கக் கூடாது.

எனவே உரத்தைக் கடைசி உழவில் அடியுரமாக இட்டு மண்ணுடன் கலந்துவிட வேண்டும். ரைசோபியத்தை நன்கு ஆறிய அரிசிக் கஞ்சியில் கரைத்து, விதையுடன் கலந்து, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, 24 மணி நேரத்திற்குள் விதைக்கலாம். உவர்நீர்க் கிணறு உள்ளவர்கள் கஞ்சிக்கு நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்வது அவசியம். வீட்டில் குடிப்பதற்கு உப்புப் போட்டு வைத்த கஞ்சியை எடுத்துவிட வேண்டாம்.