ஸ்ட்ரிங் நீளத்துக்கு எந்த வகை?

சி-யில் ஓர் இன்டர்பிரட்டர் எழுத உட்கார்ந்தால், ஸ்ட்ரிங்குக்கான ஸ்ட்ரக்ட்டிலேயே அந்தக் கேள்வி வந்துவிடும். நீளத்தை இன்ட்டில் வைப்பதா, சைஸ்_டி-யிலா, குறியுள்ள 64 பிட் வகையிலா?

இன்ட் வேண்டவே வேண்டாம். 64 பிட் கணினிகளிலும் அது பெரும்பாலும் 32 பிட்தான், 2,147,483,647-ஐத் தாண்டாது. இரண்டு ஜிபிக்கு யார் ஸ்ட்ரிங் வைக்கப்போகிறார்கள் என்று நினைப்பவர்கள், 2021-இல் வெளியான 'சிகோயா' என்ற லினக்ஸ் கெர்னல் ஓட்டையைப் படிக்க வேண்டும். ஒரு ஜிபிக்கும் நீளமான டைரக்டரி பாதையை வேண்டுமென்றே உருவாக்கினால், சைஸ்_டி-யில் இருந்த பஃபர் அளவு, இன்ட் வாங்கும் ஃபங்ஷனுக்குள் போகும்போது மைனஸாக மாறியது. தரவு பஃபருக்கு வெளியே எழுதப்பட்டது; சாதாரணப் பயனர் ரூட் ஆக முடிந்தது. ஜாவாவும் நீளத்துக்கு இன்ட்தான் தருகிறது; ஆனால் அங்கே எல்லை மீறினால் மொழியே தடுத்துவிடும். சி தடுக்காது.

சைஸ்_டி-யின் பலம், ஸ்ட்ர்லென், மாலாக், மெம்காப்பி எல்லாம் அதையே பேசுவது. வகைமாற்றமே தேவைப்படாது. சிக்கல் கழித்தலில் வரும். காலி ஸ்ட்ரிங்கில் 'நீளம் - 1' என்று எழுதினால் 64 பிட்டில் 18,446,744,073,709,551,615 கிடைக்கும். கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி ஓடும் லூப்பில் 'ஐ >= 0' என்ற நிபந்தனை ஒருபோதும் பொய்யாகாது.

பைத்தான் அதனால்தான் குறியுள்ள வகைக்குப் போனது. மார்ட்டின் வான் லோவிஸின் பெப் 353 வழியாக, 2006-இல் வந்த 2.5 பதிப்பில் இன்ட் போய் பை_எஸ்சைஸ்_டி வந்தது. -1 என்றால் கடைசி எழுத்து என்று கொள்ளும் மொழிக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. பிழையைச் சொல்லவும் -1 கைவசம் இருக்கிறது. வரம்பு பாதியாகிறதே என்று கவலைப்படத் தேவையில்லை. 64 பிட்டில் அந்தப் பாதியை நிரப்பும் நினைவகம் எந்தக் கணினியிலும் இல்லை.

என் கணக்கு இதுதான்: உங்கள் மொழியில் மைனஸ் இண்டெக்ஸ் உண்டென்றால் பைத்தான் வழி, இல்லையென்றால் சைஸ்_டி. கலப்பது மட்டும் கூடாது. எங்காவது மாற்றியே ஆகவேண்டுமானால், உச்சவரம்பைச் சோதிக்கும் ஒரே ஃபங்ஷன் வழியாக மாற்றுங்கள்.

ஏற்கெனவே ஓடும் மொழியில் வகையை மாற்றுபவர்கள் பிஎச்பி-யைப் பார்க்கட்டும். 2015-இல் பிஎச்பி 7 நீளத்தை இன்ட்டிலிருந்து சைஸ்_டி-க்கு மாற்றியது. பழைய எக்ஸ்டென்ஷன்கள் ஆர்க்யூமென்ட்டுகளை வாங்கித் தரும் ஃபங்ஷனுக்கு இன்ட்டின் முகவரியையே கொடுத்துக்கொண்டிருந்தன. நான்கு பைட் இடத்தில் எட்டு பைட் எழுதப்பட்டு, பக்கத்து வேரியபிள் அழிந்தது. அது ஆர்க்யூமென்ட் எண்ணிக்கை மாறக்கூடிய ஃபங்ஷன் என்பதால் கம்பைலர் தானாக எச்சரிக்காது. அத்தகைய அழைப்புகளை கிரெப் போட்டு ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.