நிறுத்துப் பார்த்த பணம்

அன்புள்ள கயல்விழிக்கு,

சீனத் தொடர் ஒன்றில் நாயகன் சத்திரத்து மேசையில் வெள்ளிக் கட்டியை வைத்துவிட்டுப் போனானே, "அது எத்தனை ரூபாய் மாமா?" என்று கேட்டிருந்தாய். அந்தச் சத்திரக்காரரைக் கேட்டாலும் "நிறுத்துப் பார்த்தால்தான் தெரியும்" என்றுதான் சொல்லியிருப்பார்.

சீனர்கள் சில்லறைச் செலவுக்குப் புழங்கியது நடுவில் சதுர ஓட்டை உள்ள செப்புக் காசு. ஆங்கிலேயர் அதைக் 'கேஷ்' என்றார்கள். நம் 'காசு' போர்த்துக்கீசியர் வழியாகப் போய் அப்படி ஆனது. பெரிய கொடுக்கல் வாங்கலுக்கும் வரிக்கும் வெள்ளி. பலவகை வரிகளை ஒன்றாக்கி வெள்ளியாகக் கட்டும் முறையை 1581-இல் மிங் அரசின் அமைச்சர் சாங் சூசெங் நாடெங்கும் விரிவாக்கினார். ஜப்பானிலிருந்தும், தென் அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து மணிலா வழியாகவும் வெள்ளி வந்து குவிந்தது.

ஆனால் அரசு நெடுங்காலம் அதில் முத்திரை நாணயம் அடிக்கவில்லை. எடைதான் பணம். எடையின் அலகு லியாங்; ஒரு லியாங் சுமார் 37 கிராம். நம் கணக்கில் நாலரைப் பவுனுக்குச் சற்று மேலே. லியாங்கில் பத்தில் ஒன்று சியென், நூறில் ஒன்று ஃபென். பெரிய கட்டி தோணி வடிவில் ஐம்பது லியாங் இருக்கும். சில்லறை வேண்டுமென்றால் வெள்ளியைக் கத்தரியால் நறுக்குவார்கள். நறுக்கியதை நிறுக்கச் சின்ன வெள்ளிக்கோல் உண்டு: ஒரு முனையில் தட்டு, புள்ளி குத்திய மெல்லிய தண்டு, அதில் நகரும் குண்டு. தண்டு நேராக நிற்கும் புள்ளியே எடை.

எடை மட்டும் போதாது, மாற்றும், அதாவது வெள்ளியின் தூய்மையும், பார்க்க வேண்டும். ஊருக்கு ஊர் லியாங்கின் எடையே மாறியதால் வணிகருக்கு ஓயாத கணக்கு.

இதில் அடிபட்டவர் உழவர். துண்டு வெள்ளியை உருக்கிக் கட்டியாக்கும்போது தேய்கிறது என்று வரி வசூலித்தவர்கள் கூடுதலாகக் கேட்டார்கள். உண்மைத் தேய்மானத்தைவிட அதிகமாகவே. 1724-இல் பேரரசர் யோங்செங் அந்தக் கூடுதலை வெளிப்படையான வரியாக்கி, அதிலிருந்தே அதிகாரிகளுக்குப் படி கொடுத்தார். லியாங் கணக்கு 1933-இல்தான் ஒழிந்தது.

அடுத்த முறை அம்மாவோடு நகைக்கடைக்குப் போனால் ரசீதை வாங்கிப் பார். எடை, மாற்று, சேதாரம் மூன்றும் அதில் இருக்கும். சீன உழவர் வரி கட்டப் போகும்போதெல்லாம் சரிபார்க்க வேண்டியிருந்ததும் இந்த மூன்றைத்தான்.

அன்புடன்,
மாமா