நடந்தபின் ஓடுவதை விட, நடக்கும்முன் தடுப்போம்



2021 ஜனவரி 22 அன்று ஓசூர் பாகலூர் ரோட்டில் உள்ள ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் முகமூடிக் கும்பல் புகுந்து, துப்பாக்கியைக் காட்டி சுமார் 25 கிலோ தங்கத்தை அள்ளிச் சென்றது. எல்லை தாண்டி ஓடியவர்களை மறுநாளே ஐதராபாத் பக்கம் போலீஸார் பிடித்தனர். நகைப்பையில் இருந்த ஜி.பி.எஸ். கருவிதான் இடத்தைக் காட்டியது. சரியான தகவல் கிடைத்ததால் அடகு வைத்தவர்களின் நகை தப்பியது.

தகவல் முன்னாடியே கிடைத்தால் குற்றத்தையே தடுக்கலாம். இங்கிலாந்தில் கென்ட் பகுதிப் போலீஸார் 1990களில் இதை ஒரு வேலைமுறையாகவே ஆக்கினார்கள். ஒவ்வொரு திருட்டுக்கும் தனித்தனியாக ஓடாமல், எல்லாத் தகவலையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, திரும்பத் திரும்பத் திருடும் சிலர் மேல் கவனம் வைத்தார்கள்.

நமக்கு இதில் என்ன வேலை? 2025 மார்ச்சில் நம் மாவட்ட மலைக்கிராமச் சிறுமி ஒருத்திக்கு 14 வயதில் பெங்களூரில் கல்யாணம் செய்து வைத்தார்கள். அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் வீடியோ பரவிய பிறகுதான் கைது நடந்தது. அதற்குள் தாலி ஏறிவிட்டது.

கல்யாணம் திடீரென்று வராது. பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் வந்து போவார்கள். ஜவுளி எடுப்பார்கள். அவசரக் கடன் கேட்பார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் சாதாரண விஷயம். நாலையும் சேர்த்துப் பார்த்தால்தான் விவரம் புரியும். இதைத்தான் பகுப்பாய்வு என்கிறார்கள்.

உடனே 1098 அல்லது 112-க்குப் போன் செய்யலாம். 2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, மாவட்ட சமூகநல அலுவலர் மூலம் நீதிமன்றத் தடையாணை வாங்கலாம். தடையை மீறி நடத்தும் திருமணம் செல்லாது.

ஒரு எச்சரிக்கை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிக்க வந்தவர் என்ற வதந்தியை நம்பி ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றுவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம் தகவல் ஆகாது. யார் பார்த்தது, எங்கே, எப்போது என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால்தான் அது தகவல். வெளியூர்க்காரர், வடமாநிலத் தொழிலாளி என்பதற்காக மட்டும் யாரையும் சந்தேகப்படக் கூடாது. சொல்வது நம் வேலை, விசாரிப்பது போலீஸ் வேலை. சொன்னவர் பெயரையும் குழுவுக்கு வெளியே பேசக் கூடாது.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச:

1. இந்த மாதம் பள்ளியிலிருந்து நின்ற பெண்பிள்ளைகள் யார்? ஏன் நின்றார்கள்?
2. கம்பெனி ஷிப்ட் முடிந்து வரும் பெண்களுக்குப் பயமான இடம், நேரம் எது?
3. நேரில் பார்த்தது எது, காதில் விழுந்தது எது?

ஒருத்தி பார்த்தது துண்டு. பன்னிரண்டு பேர் பார்த்ததைச் சேர்த்தால் ஒரு பிள்ளையின் படிப்பு தப்பும்.