தேங்காய் நாரும் தேவார வகுப்பும்

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை நம் தாத்தா பாட்டிமார் இன்னும் பிட் ஸ்திரீட் என்றுதான் சொல்வார்கள். ஒரு முனையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சற்றுத் தள்ளி குவான் யின் கோயில், 1801இல் தோன்றிய பள்ளிவாசல், பக்கத்து குயின் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த நம் ஸ்ரீ மகாமாரியம்மன். மணி, பாங்கு, நாதஸ்வரம் எல்லாம் நடக்கும் தூரத்துக்குள் கேட்கும். இந்த வட்டாரத்தில் ஒரு பழைய கடைவீட்டு அறையில் நாங்கள் தேவார வகுப்பு நடத்துகிறோம். பிள்ளைகள் பண்ணைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள், சொல்தான் நழுவுகிறது. "அக்கா, என்ன சொன்னீங்க, கேக்கல" என்று பின்வரிசையிலிருந்து குரல் வராத நாளே இல்லை. சொல் பிடிபடாத பிள்ளை இரண்டு வாரம் வரும், மூன்றாம் வாரம் வராது.

"சுவர்ல ஸ்பாஞ்ச் ஒட்டிடலாமா?" என்று கிளையில் கேட்டார்கள். ஒட்டுவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வெளியே போகும் மோட்டார் சைக்கிள் சத்தம் உள்ளே வருவது ஒரு பிரச்சினை. உள்ளே எழும் சத்தம் அடங்காமல் சுற்றுவது வேறு பிரச்சினை. முதலாவதைத் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். ஒலி உறிஞ்சும் பலகை அதற்கு உதவாது. உங்கள் உருமிச் சத்தத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கோபப்பட்டால், பலகை மாட்டிய பிறகும் பெரும்பாலும் கோபப்படுவார்! எங்கள் பிரச்சினை இரண்டாவது.

இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் வாலஸ் சபீன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபத்தில் பேச்சு புரியவில்லை. சொன்ன சொல் ஐந்து விநாடிக்கு மேல் சுற்றியது. பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயையும் கடிகாரத்தையும் வைத்து அளந்தார். மெத்தை கூடக் கூட முழக்கம் குறைந்தது. அவர் கண்ட விதி இதுதான்: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறை உறிஞ்சும் மொத்த அளவால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் கிடைக்கும்.

10 மீட்டர் நீளம், 5 அகலம், 4 உயரமுள்ள அறையை எடுத்துக்கொள்வோம். 200 கன மீட்டர். சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை என்றால் மேற்பரப்பு 220 சதுர மீட்டரும் சராசரியாக 6 விழுக்காடுதான் உறிஞ்சும் என்று வைப்போம். விடை சுமார் 2.4 விநாடி. இதில் 70 விழுக்காடு உறிஞ்சும் பலகைகளை 20 சதுர மீட்டருக்கு மாட்டினால் 1.2 விநாடியாகிவிடும். பிள்ளைகள் உட்கார்ந்தால் இன்னும் குறையும், ஏனென்றால் உடம்பும் உடுப்பும்கூட உறிஞ்சும். பாட்டுக்கு இது போதும். முழுக்க அடக்கிவிட்டால் பாடுகிறவருக்கே தன் குரல் செத்துப்போனது போலிருக்கும்.

மெத்தைக்குப் பதில் என்ன? நமக்குத் தேங்காய் நார் இருக்கிறது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாரை அடுக்கிச் செய்த பலகைகளைச் சோதித்து 2008இலேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஒலி நாரின் இடுக்குகளுக்குள் நுழைகிறது. அங்குள்ள காற்று உராய்ந்து உராய்ந்து அந்தச் சக்தி துளி வெப்பமாகிவிடுகிறது. உயர்ந்த ஒலியை நார் நன்றாக விழுங்கும், தாழ்ந்த ஒலியில் பலம் குறைவு. பலகைக்கும் சுவருக்கும் இடையே காற்று இடைவெளி விட்டால் ஓரளவு ஈடாகும். பழைய பருத்தித் துணியை அடுக்கினாலும், பிளாஸ்டிக் போத்தலை உருக்கிச் செய்யும் கம்பளம் போன்ற பலகையை வாங்கினாலும் இதே வேலைதான். முட்டை அட்டையை மட்டும் மறந்துவிடுங்கள். அது மெலிசு, சீக்கிரம் தீப்பிடிக்கும்.

செய்முறை எளிது. 120க்கு 60 சென்டிமீட்டர் மரச்சட்டம், உள்ளே 5 சென்டிமீட்டர் கனத்தில் நார் மெத்தை, மேலே பழைய வேட்டித் துணி. 20 சதுர மீட்டருக்கு 28 சட்டம் வேண்டும். துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் போனால்தான் ஒலியும் போகும். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் எல்லாம் வீண்.

தீ விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 100 பேர், 2013இல் பிரேசிலில் 242 பேர் இரவு விடுதித் தீயில் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் வாணவேடிக்கைப் பொறி பட்டு எரிந்தது ஒலிக்காக ஒட்டிய ஸ்பாஞ்ச். நம் அறையில் குத்துவிளக்கும் கற்பூரமும் உண்டு. நாரும் எரியும் பொருள்தான். போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைத்தால் தீப்பிடிப்பது மட்டுப்படும். ஒரு துண்டை வெளியே கொளுத்திப் பார்த்துவிட்டே மாட்டுங்கள். அப்படியும் விளக்கு வைக்கும் சுவரில் பலகை வேண்டாம். பொம்பா அதிகாரிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஜார்ஜ் டவுன் 2008 முதல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரம். சுவரில் துளை போடுமுன் வீட்டுக்காரரையும் மாநகராட்சியையும் கேளுங்கள், அல்லது தரையில் நிற்கும் சட்டமாகவே செய்துவிடுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும்; பலகையை ஒட்டி மூடினால் பின்னால் பூஞ்சை பிடிக்கும். ஒலிக்காக விட்ட அதே இடைவெளி இங்கேயும் உதவுகிறது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை கழற்றி, பின்பக்கத்தை மோந்து பாருங்கள். ஈர வாடை வந்தால் ஒரு பகல் வெயிலில் வைத்துவிட்டு மறுபடி மாட்டலாம்.