குடையும் குரலும்

ஆமணக்குச் செடியை அறியாதார் நம்மில் யார்? வேலியோரத்திலும் கொல்லைப்புறத்திலும் தானே முளைத்து நிற்கும். அதன் விதையிலிருந்து எடுக்கும் விளக்கெண்ணெய் நம் பாட்டிமாரின் கைமருந்து. ஆனால் அதே விதைக்குள் 'ரிசின்' என்னும் கொடிய நஞ்சும் இருக்கிறது. அது எண்ணெயில் கரைவதில்லை. எண்ணெய் எடுத்தபின் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. வெப்பத்தில் அதன் வலிமையும் குன்றும். ஆதலால்தான் எண்ணெய் மருந்தாகவும், விதை நஞ்சாகவும் இருக்கின்றன.

இந்த நஞ்சைக் கொண்டே 1978ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஓர் எழுத்தாளர் கொல்லப்பட்டார் என்பது ஆராய்ந்தோர் கண்ட முடிவு. அவர் பெயர் கியோர்கி மார்க்கோவ். அவர் செய்த குற்றம் யாது? தம் நாட்டைப் பற்றித் தாம் அறிந்ததை வானொலியில் எடுத்துரைத்ததே. அவ்வரலாற்றை இங்குக் காண்போம்.

அவர் யார்?

மார்க்கோவ் 1929ஆம் ஆண்டில் பல்கேரிய நாட்டின் தலைநகரான சோபியாவில் பிறந்தார். வேதியியல் பொறியியல் பயின்றவர். காசநோயால் துன்புற்ற நாள்களில் எழுத்தின்பால் நாட்டம் கொண்டார். 1962இல் வெளிவந்த அவருடைய நாவல் எழுத்தாளர் சங்கத்தின் பரிசைப் பெற்றது. நாடகங்களும் எழுதினார். அக்காலத்தில் பல்கேரியாவை ஆண்டவர் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் தோடர் ஷிவ்கோவ். புகழ்பெற்ற எழுத்தாளர் என்ற முறையில் மார்க்கோவ் அவரோடு நேரில் பழகும் வாய்ப்பும் பெற்றார்.

ஆயினும் அவருடைய நாடகங்கள் ஒவ்வொன்றாகத் தடைக்கு உள்ளாயின. 1969இல் அவர் நாட்டை விட்டு வெளியேறி, முதலில் இத்தாலியிலும் பின்னர் இலண்டனிலும் தங்கினார். அங்கே பி.பி.சி. வானொலியின் பல்கேரியப் பிரிவில் பணியாற்றினார். 1972இல் அவர் இல்லாமலேயே அவர்மீது வழக்கு நடத்திய பல்கேரிய நீதிமன்றம், ஆறரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவருடைய நூல்கள் நூலகங்களிலிருந்து அகற்றப்பட்டன.

1975 முதல் 1978 வரை 'சுதந்திர ஐரோப்பா வானொலி' வழியாக அவர் தொடர்ந்து உரையாற்றினார். ஆள்வோரின் ஆடம்பரத்தையும், முகத்துதி பாடுவோரின் வாழ்வையும், எளிய மக்கள் அச்சத்தோடு கழித்த நாள்களையும் எடுத்துக் கூறினார். ஒலிபரப்பைக் கேட்கவிடாமல் அரசு இரைச்சலால் தடுத்தது. ஆயினும் மக்கள் கதவை அடைத்துக்கொண்டு கேட்டனர். அயலார் ஒருவர் பழித்திருந்தால் பகைவர் பேச்சென்று தள்ளிவிடலாம். அருகிருந்து கண்டவர் அல்லவா பேசினார்! ஆள்வோர் அஞ்சியதற்கு அதுவே காரணம்.

பாலத்தருகே நடந்தது

1978 செப்டம்பர் 7. மார்க்கோவ் வாட்டர்லூ பாலத்தருகே பேருந்து நிறுத்தத்தின் பக்கம் சென்றுகொண்டிருந்தார். வலத்தொடையின் பின்புறம் சுருக்கென்று குத்தியது. திரும்பிப் பார்த்தார். கீழே விழுந்த குடையை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வாடகைக் காரில் ஏறி மறைந்தார். அன்று மாலையே மார்க்கோவுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. நான்கு நாள் போராடி, செப்டம்பர் 11 அன்று தமது 49ஆம் வயதில் உயிர் நீத்தார். மனைவியும் சிறு பெண் குழந்தையும் தனித்து விடப்பட்டனர்.

சான்றுகள் கூறுவது என்ன?

உடற்கூறு ஆய்வில் அவருடைய தொடையிலிருந்து ஓர் உலோகக் குண்டு எடுக்கப்பட்டது. குண்டூசியின் தலையளவே இருந்தது. பிளாட்டினமும் இரிடியமும் கலந்து செய்யப்பட்ட அதில் இரண்டு நுண்ணிய துளைகள் இருந்தன. உள்ளே நஞ்சு எதுவும் எஞ்சியிருக்கவில்லை. அவ்வளவு சிறிய அளவில் ஒரு மனிதரைக் கொல்லவல்லது எது என்று அறிஞர் ஆராய்ந்தனர். ரிசின் செலுத்தப்பட்ட பன்றி ஒன்று மார்க்கோவைப் போன்ற அறிகுறிகளோடே இறந்தது. இவ்வாறு ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தே அம்முடிவுக்கு வந்தனர்.

இன்னொரு சான்றும் கிடைத்தது. விளாதிமிர் கோஸ்தோவ் என்னும் பல்கேரியப் பத்திரிகையாளரும் தாய்நாட்டை விட்டுப் பாரிசில் வாழ்ந்து வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அவருடைய முதுகிலும் ஏதோ குத்தியது. காய்ச்சலோடு அவர் பிழைத்தார். மார்க்கோவின் மரணச் செய்தி கேட்டு அவரைச் சோதித்தபோது, அதே போன்ற குண்டு வெளிப்பட்டது. 1979 ஜனவரியில் நடந்த மரண விசாரணை, மார்க்கோவ் சட்டத்திற்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார் என்று தீர்ப்பளித்தது.

தோழியரே, இங்கு நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'நஞ்சுக் குடை' என்றே உலகம் இக்கொலையை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் குடை எதுவும் கைப்பற்றப்படவில்லை. குண்டைச் செலுத்திய கருவி குடைதானா, வேறொன்றா என்பது மெய்ப்பிக்கப்படவும் இல்லை. குண்டு கண்ணால் கண்ட சான்று. நஞ்சு ஆய்ந்து அறிந்த முடிவு. குடை ஓர் ஊகம். மூன்றையும் ஒரே தராசுத் தட்டில் வைக்கலாகாது. வரலாறு பயில்வோர்க்கு இது முதற்பாடம்.

நீதி கிடைத்ததா?

1989இல் ஷிவ்கோவ் பதவியிழந்தார். பல்கேரிய அரசு கேட்டதற்கிணங்கச் சோவியத் உளவுத்துறை இக்கொலைக்கு உதவியது என்று, அத்துறையின் முன்னாள் அதிகாரி ஒலேக் கலூகின் பின்னர் வெளிப்படையாகக் கூறினார். ஆனால் மார்க்கோவ் பற்றிய கோப்புகள் அழிக்கப்பட்டிருந்தன. அதற்காகப் பல்கேரிய உளவுத்துறையின் முன்னாள் தலைவர் ஒருவர் 1992இல் தண்டனை பெற்றார். கோப்பை அழித்தவருக்குத் தண்டனை கிடைத்தது. கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. 2013இல் காலவரம்பு முடிந்ததென்று பல்கேரியா வழக்கை மூடிவிட்டது.

எனினும், 2000ஆம் ஆண்டில் அதே நாடு மார்க்கோவுக்கு உயரிய விருது அளித்தது. 2014இல் சோபியாவில் அவருக்குச் சிலையும் எழுந்தது. நூலகங்களிலிருந்து நீக்கப்பட்ட எழுத்துகள் மீண்டும் அச்சேறின. அவரோ இங்கிலாந்தின் ஒரு சிற்றூர்க் கோயிற் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். விருதும் சிலையும் நீதிக்கு ஈடாகுமா? ஆகா. தந்தையின்றி வளர்ந்த மகளுக்கு அவற்றால் தந்தை திரும்பி வரவில்லை.

நாம் கற்க வேண்டியது

அரசு என்பது மக்களைக் காக்கும் வேலி. சட்டம், நீதிமன்றம், காவல் யாவும் அதன் கையில் உள்ளன. அத்தனையும் இருந்தும் மறைவில் ஆளை அனுப்புகிறதென்றால், தன் பக்கம் நியாயம் இல்லை என்பதை அவ்வரசே ஒப்புக்கொள்கிறது. மார்க்கோவ் கூறியது பொய்யானால் மறுத்துரைத்திருக்கலாம். மறுக்க இயலாதபோதுதான் வாயை அடைக்கத் தோன்றும்.

இது தொலைதூர நாட்டுக் கதை என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. வகுப்புத் தலைவியாகவோ, நாளை ஓர் அலுவலகத்தின் தலைமையிலோ நாம் அமரும்போது, நம் குறையைச் சொல்பவரைக் கண்டால் நமக்கும் சினம் வரும். அவரை விலக்கவும் அவர் பேச்சைத் தடுக்கவும் மனம் தூண்டும். அந்நேரத்தில் அவர் சொல்வது உண்மையா என்று முதலில் கேட்கப் பழகுவோம். உண்மையாயின் திருந்துவோம், அன்றேல் சான்று காட்டி மறுப்போம். மூன்றாம் வழி ஒன்று நமக்கு வேண்டாம்.